ரால்ஃப் சாமுவேல்சன்

ரால்ஃப் வில்ஃபோர்ட் சாமுவேல்சன் (ஜூலை 3, 1903 – ஆகஸ்ட் 28, 1977) நீர்ச்சறுக்கு விளையாட்டைக் கண்டுபிடித்தவர் ஆவார். இவர் ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்தவர். கால்களில் இரு பலகைகளைக் கட்டிக்கொண்டு, விசைப்படகு இழுக்கும் கயிற்றைக் கையில் பிடித்தபடி நீரின் மேற்பரப்பில் நின்று செல்வதே நீர்ச்சறுக்கு ஆகும். 1922 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் நாள், தமது பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், சாமுவேல்சன் இதில் முதன்முறையாக வெற்றி கண்டார். ஆனால் தமது கருவிகள் எதற்கும் இவர் காப்புரிமை பெறவில்லை. அதனால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இவரது பெயர் வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது. 1966 ஆம் ஆண்டில்தான் அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் இவரை முதல் நீர்ச்சறுக்கு வீரராக முறைப்படி ஏற்றுக்கொண்டது.

பின்னணி

சாமுவேல்சன் வாழ்ந்த லேக் சிட்டி என்னும் சிற்றூர் பெப்பின் ஏரியின் கரையில் அமைந்துள்ளது. பெப்பின் ஏரி தனி ஏரி அன்று. மிசிசிப்பி ஆறு இயற்கையாக அகன்று ஏரி போல விரியும் பகுதியே இப்பெயரால் அழைக்கப்படுகிறது. இதன் ஒரு கரையில் மினசோட்டாவும் மறுகரையில் விஸ்கான்சினும் உள்ளன. குளிர்காலத்தில் பனிச்சறுக்கும் கோடையில் படகும் நீச்சலும் இவ்வட்டாரத்து இளைஞர்களின் பொழுதுபோக்குகள் ஆகும்.

படகின் பின்னால் பலகையில் செல்லும் வழக்கம் 1922க்கு முன்பே இருந்தது. அது அக்வாபிளேன் எனப்பட்டது. அதில் அகலமான ஒரே பலகை கயிற்றால் படகுடன் பிணைக்கப்பட்டிருக்கும். அதன் மேல் ஒருவர் நிற்பார். அங்கே படகு இழுப்பது பலகையையே அன்றி மனிதரை அன்று. பனியில் சறுக்குவது போல ஒவ்வொரு காலுக்கும் ஒரு பலகை அணிந்து, கயிற்றைத் தம் கையில் பிடித்துக்கொண்டு நீரில் செல்ல இயலுமா என்பதே சாமுவேல்சன் விடை தேடிய கேள்வி. இந்த மாற்றத்தினால் பலகைகளும் உடலும் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டில் வருகின்றன. இன்றைய நீர்ச்சறுக்கின் எல்லா வகைகளுக்கும் இதுவே அடிப்படை.

முதல் முயற்சிகள்

1922 ஆம் ஆண்டு கோடையில் சாமுவேல்சன் தம் சோதனைகளைத் தொடங்கினார். படகை ஓட்டியவர் இவருடைய அண்ணன் பென். முதலில் மரப்பீப்பாயின் வளைந்த பட்டைகளைக் கால்களில் கட்டிப் பார்த்தார். அவை இவரது எடையைத் தாங்கவில்லை. அடுத்துப் பனிச்சறுக்குப் பலகைகளைப் பயன்படுத்தினார், அவையும் மூழ்கின. உறைந்த பனி கெட்டியான பரப்பு என்பதால் அங்கே குறுகிய பலகை போதும். நீரில் மிதக்கவும் எழும்பவும் கூடுதல் பரப்பளவு தேவை. இதனை உணர்ந்த சாமுவேல்சன் பலகைகளைத் தாமே செய்ய முடிவு செய்தார்.

இவர் வாங்கிய இரண்டு பைன் மரப்பலகைகள் ஒவ்வொன்றும் 8 அடி நீளமும் 9 அங்குல அகலமும் கொண்டவை. அவற்றின் முனைகளைத் தம் தாயாரின் செப்புக் கொப்பரையில் கொதிநீரில் வேகவைத்து இளக்கினார். பின்னர் முனைகளை மேல்நோக்கி வளைத்து, அந்த வளைவு நிலைக்கும் வரை இறுக்கிப் பிணைத்து வைத்தார். கால்களைப் பொருத்தத் தோல் வார்களைப் பலகைகளில் அடித்தார். சன்னல் சட்டங்களில் பயன்படும் கயிறு ஏறத்தாழ 100 அடி நீளத்துக்கு எடுக்கப்பட்டு இழுகயிறானது. கைப்பிடியாக ஓர் இரும்பு வளையம் அமைந்தது. இவற்றுள் எதுவும் இதற்கெனச் செய்யப்பட்ட பொருள் அன்று; எல்லாம் ஒரு சிற்றூரில் எளிதாகக் கிடைத்தவை.

நுட்பத்தைக் கண்டறிதல்

சரியான பலகைகள் அமைந்த பின்னரும் வெற்றி உடனே கிட்டவில்லை. பலகைகள் நீர்மட்டத்திலோ அதற்குக் கீழோ இருக்கும்படி இவர் புறப்பட்டார். படகு இழுத்தவுடன் பலகைகளின் முனைகள் நீரில் புதைந்து இவரைக் கவிழ்த்தன. சில நாட்கள் இவ்வாறே கழிந்தன. ஜூலை 2 அன்று இவர் உடலைப் பின்புறம் சாய்த்து, பலகைகளின் முனைகள் நீருக்கு மேலே தெரியும்படி வைத்துக்கொண்டு காத்திருந்தார். படகு விரைந்ததும் நீரின் மேல் எழுந்து நின்றார். அப்போது படகின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 மைல் (32 கிலோமீட்டர்) ஆகும்.

இதன் இயக்கவியல் எளிமையானது. முனை உயர்ந்து சாய்ந்திருக்கும் பலகை நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அதன் எதிர்விசை பலகையை மேலே உந்துகிறது. வேகம் கூடக் கூட இந்த உந்துவிசையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் அது மனிதரின் எடையைத் தாங்கும் அளவை எட்டிவிடுகிறது. முனை தாழ்ந்திருந்தால் இதே நீர் பலகையை அடிநோக்கி அழுத்திவிடும். ஆகவே வெற்றிக்கும் தோல்விக்கும் இடையில் இருந்தது பலகையின் சாய்கோணமே. இன்றும் புதிதாகக் கற்பவர்களுக்கு முழங்கால்களை மடக்கி, கைகளை நீட்டி, முனைகளை நீருக்கு மேல் வைத்துப் பின்சாய்ந்திருக்குமாறு சொல்லித் தரப்படுகிறது. எழ முயலாமல் படகு தம்மை எழுப்பும் வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதே முதல் பாடம்.

சாதனைகளும் காட்சிகளும்

சாமுவேல்சன் ஒரு வெற்றியுடன் நின்றுவிடவில்லை. 1925 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் நாள் நீர்ச்சறுக்குத் தாவலை முதன்முதலாக நிகழ்த்தினார். நீச்சல்காரர்கள் குதிக்கப் பயன்படுத்திய மிதவை மேடையின் ஒரு பக்கத்தை நீரில் அமிழ்த்திச் சாய்தளமாக்கினார். பலகைகள் மரத்தில் உராய்ந்து நின்றுவிடாமலிருக்க அதன் மேல் பன்றிக் கொழுப்பைத் தடவினார். அச்சாய்தளத்தில் ஏறி, காற்றில் பறந்து, மீண்டும் நீரில் நிலைகொண்டார்.

அதே ஆண்டில் நீரில் இறங்கவல்ல பறக்கும் படகு ஒன்று இவரை மணிக்கு ஏறத்தாழ 80 மைல் (சுமார் 130 கிலோமீட்டர்) வேகத்தில் இழுத்துச் சென்றது. தலைக்கவசமும் மிதவை உடுப்பும் இல்லாத அக்காலத்தில் இது பெரும் துணிச்சலுக்குரிய செயலாகும். ஒற்றைப் பலகையில் சறுக்கிய முதல் வீரராகவும், பொதுமக்கள் முன்னிலையில் நீர்ச்சறுக்குக் காட்சி நடத்திய முதல் வீரராகவும் இவரே குறிப்பிடப்படுகிறார். மிச்சிகன் முதல் புளோரிடா வரை பல இடங்களில் காட்சிகள் நடத்தியதோடு, விரும்பியவர்களுக்குக் கற்றும் கொடுத்தார்.

பின்னர் கட்டுமானப் பணி ஒன்றில் ஏற்பட்ட விபத்தில் இவரது முதுகெலும்பு முறிந்தது. அத்துடன் நீர்ச்சறுக்கு வாழ்க்கை முடிவுக்கு வந்தது. இவர் மினசோட்டாவுக்குத் திரும்பி வான்கோழி வளர்ப்பில் ஈடுபட்டார்.

காப்புரிமையும் மறதியும்

நீர்ச்சறுக்குப் பலகைக்கான முதல் காப்புரிமை 1925 ஆம் ஆண்டு அக்டோபர் 27 அன்று நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பிரெட் வாலருக்கு வழங்கப்பட்டது. வாலர் சாமுவேல்சனைப் பின்பற்றியவர் அல்லர்; தனியாகவே தம் பலகைகளை உருவாக்கினார். அவற்றை டால்பின் அக்வா-ஸ்கீஸ் என்ற பெயரில் விற்பனை செய்தார். அகன்ற திரையில் படம் காட்டும் சினிராமா முறையைப் பிற்காலத்தில் உருவாக்கியவரும் இவரே. வாஷிங்டன் மாநிலத்தில் டான் இப்சன் என்பவரும் 1928 ஆம் ஆண்டில், முன்னவர் இருவரையும் அறியாமலே, தம் சொந்தப் பலகைகளைச் செய்து சறுக்கினார்.

ஆகவே ஒரே எண்ணம் பல இடங்களில் தனித்தனியே தோன்றியுள்ளது. இவர்களுள் எழுத்துப்பூர்வமான அரசு ஆவணம் வாலரிடம் மட்டுமே இருந்தது. சாமுவேல்சனிடம் இருந்தவை பழைய பலகைகளும் ஊராரின் நினைவுமே. 1939 ஆம் ஆண்டு அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் தோன்றி, நியூயார்க்கின் ஜோன்ஸ் கடற்கரையில் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1949 இல் பிரான்சின் ஜுவான்-லே-பான் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. விளையாட்டு இவ்வாறு கண்டங்களைக் கடந்து பரவிய காலத்தில், அதைத் தொடங்கியவர் மினசோட்டாவில் வான்கோழி வளர்த்துக்கொண்டிருந்தார்.

அங்கீகாரம்

1963 ஆம் ஆண்டில் செயின்ட் பால் பயோனியர் பிரஸ் நாளிதழின் செய்தியாளர் ஒருவர் லேக் சிட்டிக்கு வந்திருந்தபோது, காட்சிக்கு மாட்டப்பட்டிருந்த பழைய பலகைகளைக் கண்டார். அவற்றின் வரலாற்றை விசாரித்து எழுதியதன் மூலம் சாமுவேல்சனின் பெயர் ஊருக்கு வெளியே தெரியவந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1966 இல், அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் பதிவு செய்யப்பட்ட முதல் நீர்ச்சறுக்கு வீரர் இவரே என அறிவித்தது. அப்போது இவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது.

முதல் வெற்றியின் ஐம்பதாம் ஆண்டான 1972 இல், மியூனிக் ஒலிம்பிக் போட்டியில் நீர்ச்சறுக்கு ஒரு காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. சாமுவேல்சன் 1977 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று மினசோட்டாவின் பைன் ஐலண்ட் என்னும் ஊரில் காலமானார். லேக் சிட்டி இன்று தன்னை நீர்ச்சறுக்கின் பிறப்பிடம் என அழைத்துக்கொள்கிறது. ஆண்டுதோறும் கோடையில் அங்கு நீர்ச்சறுக்கு விழா நடத்தப்படுகிறது.

பிற்கால வளர்ச்சி

போட்டி நீர்ச்சறுக்கு வளைவோட்டம், வித்தை, தாவல் என மூன்று பிரிவுகளைக் கொண்டது. இவற்றுள் வளைவோட்டம் எனப்படும் ஸ்லாலோம், சாமுவேல்சனின் கருவிகள் எவ்வளவு தூரம் வளர்ந்துள்ளன என்பதைக் காட்டுகிறது. இதில் வீரர் ஒற்றைப் பலகையில் இரு கால்களையும் முன்பின்னாக வைத்து நிற்கிறார். தோல் வார்களின் இடத்தில் கணுக்காலை இறுகப் பற்றும் காலுறைகள் உள்ளன. பைன் மரத்தின் இடத்தைக் கரிம இழை பிடித்துள்ளது. பலகையின் பின்முனைக்கு அடியில் உள்ள உலோகத் துடுப்பு, திரும்பும்போது பலகை பக்கவாட்டில் வழுக்காமல் காக்கிறது.

வளைவோட்டத் தடம் 259 மீட்டர் நீளமுடையது. படகு நடுக்கோட்டில் நேராகச் செல்ல, வீரர் இருபுறமும் மாறி மாறி அமைந்த ஆறு மிதவைகளைச் சுற்றி வரவேண்டும். ஒவ்வொரு மிதவையும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தொலைவில் உள்ளது. ஆடவருக்கான உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். மகளிருக்கு 55 கிலோமீட்டர். அந்த வேகத்தை எட்டிய பின் கயிறு 18.25 மீட்டரிலிருந்து படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. 10.25 மீட்டர் கயிற்றில் கயிறே மிதவையை எட்டாது. வீரர் தம் உடலையும் கையையும் நீட்டியே எஞ்சிய தூரத்தைக் கடக்க வேண்டும். படகை எதிர்த்துச் சாய்ந்து நிற்கும் ஆற்றலே இதற்கு உதவுகிறது. சாமுவேல்சன் 1922 இல் கற்ற பின்சாய்வின் வளர்ந்த வடிவமே இது எனலாம்.

இது தனி ஒருவரால் ஆடக்கூடிய விளையாட்டு அன்று. சறுக்குபவருடன் படகோட்டியும், படகிலிருந்து அவரைக் கவனிப்பவரும் சேர்ந்தே பயிற்சி செய்கின்றனர். படகு கோடு விலகினாலோ வேகம் மாறினாலோ சறுக்குபவரின் முயற்சி வீணாகிவிடும். எனவே நீர்ச்சறுக்குக் கழகங்களில் சறுக்குபவர்களே முறைவைத்துப் படகு ஓட்டுவதும் வழக்கமாக உள்ளது. முதல் நாளில் அந்தப் பணியைச் செய்தவர் பென். தம்பி பலமுறை விழுந்தபோதும் படகைத் திருப்பிக் கயிற்றை மீண்டும் கொண்டுவந்து கொடுத்தவர் அவரே.