திருப்பிக் கொடுக்காத பதக்கம்

பாடுபட்டது ஒருத்தர், மாலை வாங்கினது இன்னொருத்தர் என்று மனம் கசந்து அழுத அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. நான் ஒரு ஆஸ்பத்திரியில் பல வருஷம் காயம் கட்டுகிற வேலை பார்த்தேன். பெரிய விபத்து நடந்த ஒரு ராத்திரி, விடியவிடிய நின்றோம். பாராட்டு விழாவில் என் பெயர் மட்டும் இல்லை. கேட்டால், நான் நிரந்தர ஊழியன் இல்லையாம்! அந்தக் கசப்பில் இருந்த நாட்களில்தான் மேரி எட்வர்ட்ஸ் வாக்கர் அம்மையாரின் சரித்திரத்தை வாசித்தேன்.

இவர் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் 1832-ல் பிறந்தவர். 1855-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டதும் வாஷிங்டனுக்குப் போய், ராணுவ டாக்டராகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். அம்மையார் ஊருக்குத் திரும்பினாரா? இல்லை! அங்கேயே ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் உழைத்தார். 1862-ல் பிரெடரிக்ஸ்பர்க் போர், 1863-ல் சிக்கமாகா போர் என்று காயப்பட்டவர்களைத் தேடிப் போனார். அதற்குப் பிறகே ஒகாயோ 52-ம் காலாட்படையில் உதவி டாக்டர் வேலை கிடைத்தது. அதுவும் ஒப்பந்த வேலைதான். அதிகாரி பதவி கிடையாது.

1864 ஏப்ரலில் எதிர்ப்படையார் அவரைப் பிடித்து, ரிச்மண்ட் பட்டணத்துச் சிறையில் நான்கு மாதம் அடைத்தார்கள். அங்கே அவருடைய கண்பார்வை கெட்டுப்போனது. போர் முடிந்தபின்பும் பதவி தரவில்லை. அதற்குப் பதிலாக 1865 நவம்பரில் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன், தேசத்தின் உயர்ந்த பதக்கமான 'மெடல் ஆஃப் ஆனர்' விருதைக் கொடுத்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். 1917-ல் ராணுவம் பழைய பட்டியலைச் சோதித்து 911 பெயர்களை அடித்தது. அதில் 864 பேர் ஒரே படைப்பிரிவு, மெய்ன் 27-ம் பிரிவு. தலைநகரைக் காக்கச் சில நாள் கூடுதலாகத் தங்கினவர்களுக்கு என்று சொன்ன பதக்கத்தை, வீட்டுக்குப் போய்விட்டவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அவர்களோடு அம்மையாரையும் அடித்துவிட்டார்கள். ஏன் தெரியுமா? அவர் ராணுவ அதிகாரி இல்லையாம்! பதவி கேட்டபோது கொடுக்காதவர்கள், பதவி இல்லை என்று சொல்லியே பதக்கத்தையும் பறித்தார்கள். இதை வாசித்தபோது என் கண் கலங்கிவிட்டது.

அம்மையாருக்கு அப்போது 84 வயசு. பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கவே மாட்டேன் என்றார். 1919-ல் மரிக்கும் வரைக்கும் சட்டையில் குத்திக்கொண்டே நடந்தார். 58 வருஷம் கழித்து, 1977-ல் அரசு அவர் பெயரைப் பட்டியலில் மறுபடியும் சேர்த்தது. இன்றுவரை அந்தப் பதக்கம் பெற்ற ஒரே பெண் அவர்தான்.

பிரியமானவர்களே, பேர் கிடைக்கவில்லை என்று அவர் வேலையை விடவில்லை. வேலை செய்தோமே போதும் என்று அநியாயத்துக்குத் தலையாட்டவும் இல்லை. எனக்கு இரண்டுமே பாடம். இப்போது எந்த விழாவுக்குப் பட்டியல் போட்டாலும், தினக்கூலிக்கு வந்தவர் பெயர் விட்டுப்போச்சா என்று முதலில் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.