87 இலிருந்து 22 வரை: ட்ரூமனும் எண்ணப்படாத மக்களும்

ஜனாதிபதி ஒருவருக்கு மக்கள் ஆதரவு எத்தனை வீதம் என்பது இன்று அடிக்கடி செய்தியாகிறது. வீதம் கூடினால் ஆதரவாளர்கள் மகிழ்கிறார்கள். குறைந்தால் அவர்களுக்குள்ளேயே பிளவு வருகிறது, ஒரு சாரார் பழைய உறுதியோடு நிற்க, மறுசாரார் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். இந்த எண்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை விளங்கிக்கொள்ள ஒரு மனிதரின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும். அவர் ஐக்கிய அமெரிக்காவின் 33 ஆவது ஜனாதிபதி ஹரி எஸ். ட்ரூமன். அவர் எடுத்த ஒரு முடிவின் விளைவை முஸ்லிம் உலகம் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது.

ட்ரூமன் 1884 மே 8 ஆம் திகதி மிசூரி மாநிலத்தின் லமார் என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பத்துக்கு விவசாயமே தொழில். சிறு வயதிலேயே பார்வைக் குறைபாடு இருந்ததால் தடித்த கண்ணாடி அணிந்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெறவில்லை. முதலாம் உலகப் போரில் பிரான்ஸில் பீரங்கிப் படையின் கப்டனாகப் பணியாற்றினார். போர் முடிந்து திரும்பியதும், எடி ஜேக்கப்ஸன் என்ற யூத நண்பருடன் சேர்ந்து கன்ஸாஸ் நகரில் ஆண்களுக்கான உடைக் கடையொன்றைத் திறந்தார். 1922 இல் கடை நட்டத்தில் மூடப்பட்டது. அந்தக் கடனை அடைத்து முடிக்க அவருக்குப் பல வருடங்கள் பிடித்தன. கடை போனாலும் நட்பு போகவில்லை. பின்னாளில் அந்த நட்பு ஒரு நாட்டின் வரலாற்றோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது.

அதே வருடம் அரசியலுக்கு வந்தார். கன்ஸாஸ் நகரைக் கையில் வைத்திருந்த பென்டர்காஸ்ட் என்ற அரசியல் பெரும்புள்ளியின் ஆதரவில் மாவட்ட நிர்வாகப் பதவி கிடைத்தது. அந்தப் பெரும்புள்ளி பின்னர் வரி மோசடிக்காகச் சிறை சென்றார். ட்ரூமன் மீது தனிப்பட்ட ஊழல் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. 1934 இல் செனட் சபைக்குத் தெரிவானார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவச் செலவுகளில் நடந்த வீண்விரயங்களை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியதால் நாடு முழுவதும் பெயர் தெரிந்தது. 1944 தேர்தலில் ரூஸ்வெல்ட் அவரை உப ஜனாதிபதி வேட்பாளராக ஏற்றுக்கொண்டார்.

உப ஜனாதிபதியாக அவர் இருந்தது 82 நாட்கள் மட்டுமே. 1945 ஏப்ரல் 12 ஆம் திகதி ரூஸ்வெல்ட் காலமானார். மிசூரி விவசாயி உலகின் மிகப் பெரிய வல்லரசின் தலைவரானார். அணுகுண்டுத் திட்டத்தின் முழு விபரமும் பதவியேற்று ஏறத்தாழ இரண்டு வாரங்களின் பின்னரே அவருக்கு விளக்கப்பட்டது.

அக்காலத்தில் ஜோர்ஜ் கெலப்பின் நிறுவனம் ஜனாதிபதியின் செயற்பாட்டை மக்கள் ஏற்கிறார்களா என்று ஒழுங்காகக் கேட்டு வந்தது. ஜேர்மனி சரணடைந்த பின், 1945 ஜூனில், ட்ரூமனை ஏற்றவர்கள் 87 வீதம். ஓகஸ்ட் 6 ஆம் திகதி ஹிரோஷிமா மீதும் 9 ஆம் திகதி நாகசாகி மீதும் அணுகுண்டுகள் வீசப்பட்டன. அம்மாதமே நடந்த கருத்துக் கணிப்பில் அமெரிக்கர்களில் 85 வீதமானோர் அதைச் சரி என்றனர். குண்டுகளுக்குப் பலியான பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அந்தக் கணிப்பில் இல்லை. மக்கள் ஆதரவு என்ற அளவுகோலுக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்ற கேள்வி இங்கேயே பிறந்துவிடுகிறது.

போர் முடிந்ததும் மகிழ்ச்சி வடிந்தது. விலைவாசி ஏறியது. வேலைநிறுத்தங்கள் தொடர்ந்தன. இறைச்சிக்கும் வீட்டுக்கும் தட்டுப்பாடு வந்தது. 1946 முடியும் முன்பே ஆதரவு ஏறத்தாழ 33 வீதத்துக்கு இறங்கியது. அவ்வருட நவம்பர் தேர்தலில் காங்கிரஸின் இரு சபைகளும் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் கைக்குப் போயின. 1948 ஜனாதிபதித் தேர்தலை அவர் இந்தப் பலவீனத்தோடுதான் எதிர்நோக்கினார். அந்த ஒரே வருடத்தில் இரண்டு பெரிய விடயங்களில் அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று பலஸ்தீன், மற்றையது அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமை.

பலஸ்தீன் விடயத்தில் அவருக்கு முன்னரே ஒரு வாக்குறுதி இருந்தது. 1945 பெப்ரவரியில் ரூஸ்வெல்ட் சவூதி மன்னர் அப்துல் அஸீஸை எகிப்தில், சூயஸ் கால்வாயை ஒட்டிய ஏரியொன்றில் நின்ற போர்க்கப்பலில் சந்தித்தார். அரபு மக்களுக்கு விரோதமாகத் தாம் நடந்துகொள்ளப் போவதில்லை என்று உறுதியளித்தார். இறப்பதற்கு ஒரு வாரம் முன் அதைக் கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார். அச்சந்திப்பில் மொழிபெயர்ப்பாளராக இருந்த வில்லியம் எடி என்ற அமெரிக்கத் தூதர் பின்னாளில் வேறொரு சம்பவத்தையும் பதிவு செய்தார். 1945 இறுதியில் அரபு நாடுகளில் பணியாற்றிய அமெரிக்கத் தூதர்கள் ட்ரூமனைச் சந்தித்து எச்சரித்தபோது, ஸியோனிஸத்தின் வெற்றியை எதிர்பார்க்கும் இலட்சக்கணக்கானோருக்குத் தாம் பதில் சொல்ல வேண்டியிருப்பதாகவும், தம் வாக்காளர்களில் அரபிகள் அத்தனை பேர் இல்லை என்றும் ட்ரூமன் கூறினாராம்.

ட்ரூமனின் முடிவுக்கு வாக்குக் கணக்கு மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஐரோப்பாவில் நாஸிகளின் படுகொலையிலிருந்து தப்பிய யூதர்கள் முகாம்களில் போக்கிடமின்றி இருந்தனர். அவர்களின் நிலை அவரை உண்மையாகவே பாதித்தது. பைபிளை ஆழமாகப் படித்தவர் என்பதும், சோவியத் யூனியன் முந்திக்கொள்ளும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டன. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு எடை என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை.

1947 நவம்பர் 29 ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபை 33 க்கு 13 என்ற வாக்குகளால் பலஸ்தீனைப் பிரிக்கும் திட்டத்தை ஏற்றது. சனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரான யூதர்களுக்கு நிலத்தில் பாதிக்கு மேல் ஒதுக்கப்பட்டது. அமெரிக்கா ஆதரித்து வாக்களித்தது. அதன் பின் பலஸ்தீனில் இரத்தம் ஓடத் தொடங்க, வோஷிங்டனில் தயக்கம் வந்தது. ஸியோனிஸத் தலைவர்களின் இடைவிடாத நெருக்குதலால் ட்ரூமன் எரிச்சலடைந்து, அவர்களைச் சந்திக்கவே மறுத்தார். அப்போதுதான் பழைய கடைப் பங்காளி ஜேக்கப்ஸன் வெள்ளை மாளிகைக்கு வந்து மன்றாடினார். நண்பனுக்காக மனம் இளகிய ட்ரூமன், 1948 மார்ச்சில் ஸியோனிஸத் தலைவர் வைஸ்மனை இரகசியமாகச் சந்தித்தார்.

மே 12 ஆம் திகதி வெள்ளை மாளிகையில் நடந்த கூட்டத்தில் ஆலோசகர் கிளார்க் கிளிஃபர்ட், பிறக்கவிருக்கும் யூத அரசை உடனே அங்கீகரிக்க வேண்டும் என்று வாதிட்டார். இராஜாங்கச் செயலாளர் ஜெனரல் ஜோர்ஜ் மார்ஷல் கடும் கோபம் கொண்டார். அது உள்நாட்டு வாக்குகளுக்கான யோசனை என்பது அவர் பார்வை. அந்த ஆலோசனையை ஜனாதிபதி ஏற்றால், தேர்தலில் தமது வாக்கு ஜனாதிபதிக்கு எதிராகவே விழும் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். ட்ரூமன் மிக உயர்வாக மதித்த மனிதர் மார்ஷல். ஆனாலும் மே 14 ஆம் திகதி இஸ்ரேல் பிறந்து 11 நிமிடங்களில் அமெரிக்காவின் அங்கீகாரம் வெளியானது. ஐ.நா. வில் இருந்த அமெரிக்கப் பிரதிநிதிகளே திகைத்துப் போனார்கள்.

அந்தப் போரிலும் அதை ஒட்டிய மாதங்களிலும் 7 இலட்சத்துக்கும் அதிகமான பலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். நக்பா என்று நாம் நினைவுகூருவது அதைத்தான். அகதிகள் திரும்புவதற்கு இடமளிக்கும் ஐ.நா. தீர்மானத்தை 1948 டிசம்பரில் அமெரிக்காவும் ஆதரித்தது. 1949 இல் ட்ரூமன் இஸ்ரேலுக்குக் கடுமையான செய்தியொன்றும் அனுப்பினார். இஸ்ரேல் இணங்கவில்லை. அழுத்தமும் தொடரவில்லை.

இனி அந்த வருடத்தின் மற்ற முடிவைப் பார்ப்போம். ட்ரூமனின் பாட்டன்மார் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அவரும் இனவாதச் சொற்கள் புழங்கிய சூழலில் வளர்ந்தவர், தனிப்பட்ட கடிதங்களில் அவற்றைப் பயன்படுத்தியவர். 1946 பெப்ரவரியில் ஐஸக் வுடார்ட் என்ற கறுப்பின இராணுவ வீரர், சேவை முடிந்து சீருடையோடு வீடு திரும்பும் வழியில், தென் கரோலினாவில் பொலிஸாரால் தாக்கப்பட்டு இரு கண் பார்வையையும் இழந்தார். இதைக் கேட்ட ட்ரூமன் அதிர்ந்தார். சிவில் உரிமைகள் பற்றி ஆராயக் குழு நியமித்தார். 1948 பெப்ரவரியில் அதன் சிபாரிசுகளைக் காங்கிரஸ் முன் வைத்தார்.

அவருடைய ஜனநாயகக் கட்சியின் கோட்டை அப்போது தென்மாநில வெள்ளையர்கள்தான். அவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த கட்சி மாநாட்டிலிருந்து மிஸிஸிப்பி பிரதிநிதிகளும் அலபாமா பிரதிநிதிகளில் பாதிப் பேரும் வெளியேறினர். ஸ்ட்ரோம் தேர்மண்ட் தலைமையில் தனிக்கட்சி பிறந்தது. இன்னொரு பக்கம், சோவியத்துடனான பகைமையை எதிர்த்த முன்னாள் உப ஜனாதிபதி ஹென்றி வலஸ் வேறொரு கட்சியில் போட்டியிட்டார். ஆதரவாளர்கள் மூன்றாக உடைந்த நிலையில், ஜூலை 26 ஆம் திகதி ட்ரூமன் இராணுவத்தில் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையில் ஒப்பமிட்டார்.

கருத்துக் கணிப்பாளர்கள் எல்லோரும் அவர் தோற்பார் என்றே சொன்னார்கள். சிலர் செப்டம்பரிலேயே கணிப்பை நிறுத்திக்கொண்டார்கள். அவரோ ரயிலில் ஏறி ஊர் ஊராகச் சென்று, கடைசிப் பெட்டியில் நின்றபடி மக்களோடு பேசினார். முடிவு உலகையே வியக்க வைத்தது. தேர்தல் கல்லூரியில் ட்ரூமனுக்கு 303, எதிர்த்த டூவிக்கு 189, தேர்மண்டுக்கு 39.

இங்கே ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. யூத வாக்காளர்கள் மிக அதிகமாக வாழ்ந்த நியூயோர்க் மாநிலத்தில் ட்ரூமன் தோற்றார். அங்கு வலஸ் பிரித்த 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் டூவியை வெல்ல வைத்தன. ஒஹையோ, இல்லினோய், கலிபோர்னியா ஆகிய மாநிலங்களில் மயிரிழையில் வென்றார். அங்கே நகரங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களின் வாக்குகள் பெரிதும் கைகொடுத்தன. ஆக, பலஸ்தீன் முடிவு எந்த மாநிலத்துக்கான கணக்கு என்று பேசப்பட்டதோ அந்த மாநிலம் கிடைக்கவில்லை. சொந்தக் கட்சியை உடைத்த முடிவுதான் பதவியைக் காப்பாற்ற உதவியது.

இரண்டு முடிவுகளிலும் மனச்சாட்சியும் இருந்தது, வாக்குக் கணக்கும் இருந்தது. அப்படியானால் வித்தியாசம் எங்கே? கறுப்பின மக்களுக்கு அமைப்புகள் இருந்தன, பத்திரிகைகள் இருந்தன, வடமாநிலங்களில் வாக்குரிமை இருந்தது. தங்களுக்கு நேர்ந்த அநீதியை அவர்களால் ஜனாதிபதியின் மேசை வரை கொண்டுபோக முடிந்தது. பலஸ்தீன விவசாயிக்கு அந்த மேசையில் இடமில்லை. அவனுக்காக வெள்ளை மாளிகைக் கதவைத் தட்டப் பழைய நண்பர் ஒருவர் இருக்கவில்லை. அவனுடைய நிலத்தின் தலைவிதி தீர்மானிக்கப்பட்டபோது அவனிடம் யாரும் கருத்துக் கேட்கவுமில்லை.

வெற்றிக்குப் பின் 1949 ஜனவரியில் ஆதரவு 69 வீதத்தைத் தொட்டது. அதுவும் நிலைக்கவில்லை. சீனா கம்யூனிஸ்டுகள் வசமானது. 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்தது. போரைச் சீனாவுக்குள் விரிக்க வேண்டும் என்று பகிரங்கமாக வலியுறுத்திய ஜெனரல் மக்ஆர்தரை 1951 ஏப்ரல் 11 ஆம் திகதி ட்ரூமன் பதவி நீக்கினார். மக்கள் ஜெனரலை வீரனாக ஊர்வலம் வைத்து வரவேற்றார்கள், ஜனாதிபதியைத் தூற்றினார்கள். இராணுவம் மக்கள் தெரிவு செய்த அரசுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற கொள்கைக்காக அவர் கொடுத்த விலை அது. 1952 பெப்ரவரியில் அவரை ஏற்றவர்கள் 22 வீதம் மட்டுமே. கெலப் கணிப்பின் வரலாற்றில் ஜனாதிபதி ஒருவர் கண்ட ஆகக் குறைந்த அளவு அதுதான். வோட்டர்கேட்டில் சிக்கிப் பதவி விலகிய நிக்ஸன்கூட 24 க்குக் கீழே போகவில்லை. மார்ச் மாதம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார்.

1953 ஜனவரியில் பதவி முடிந்து ரயிலேறி மிசூரியின் இன்டிபென்டன்ஸ் நகருக்குத் திரும்பினார். முன்னாள் ஜனாதிபதிக்கு அப்போது ஓய்வூதியம் இல்லை. சிறியதோர் இராணுவ ஓய்வூதியமே இருந்தது. மனைவியின் குடும்ப வீட்டிலேயே வாழ்ந்தார். மருத்துவக் காப்புறுதியை நாட்டு மக்கள் எல்லோருக்குமாக அவர் கொண்டுவர முயன்று தோற்றிருந்தார். 1965 இல் ஜனாதிபதி ஜோன்சன் அதன் ஒரு பகுதியைச் சட்டமாக்கியபோது, ட்ரூமனின் ஊருக்கே வந்து அவர் முன்னிலையில் ஒப்பமிட்டார். 1972 டிசம்பர் 26 ஆம் திகதி, 88 ஆவது வயதில் ட்ரூமன் மரணமானார். 22 வீதத்தோடு வெளியேறியவரை அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் இன்று சிறந்த ஜனாதிபதிகள் பத்துப் பேருக்குள் வைக்கிறார்கள்.

அந்த மதிப்பீடும் அமெரிக்கர்களின் மதிப்பீடுதான். 87 வீதம் அவரை நீதிமானாக்கவில்லை, 22 வீதம் அவரை அநீதியாளராக்கவும் இல்லை. மக்கள் தூற்றியபோது அவர் செய்தவற்றில் சில சரியாக இருந்தன. மக்கள் கைதட்டியபோது செய்தவற்றில் சில, தலைமுறைகள் தாண்டியும் ஆறாத காயங்களாக இருக்கின்றன.

நாமும் ஜனாதிபதி ஆட்சிமுறை உள்ள ஒரு நாட்டில் சிறுபான்மையாக வாழ்பவர்கள். நாம் ஆதரிக்கும் தலைவரின் வீதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில் நமக்குள் பிளவுபட்டு நிற்பது எளிது. அதைவிட அவசியமானது, அவர் எடுக்கும் முடிவால் பாதிக்கப்படப் போகிறவர்களிடம் யாராவது கேட்டார்களா என்று விசாரிப்பது. பாதிக்கப்படுபவர்கள் நாமாக இருக்கும்போது குரல் கொடுப்பது இயல்பு. அது நாம் அல்லாத வேறொரு சமூகமாக இருக்கும்போதும் அதே கேள்வியை நாம் கேட்க வேண்டும். ஆட்சி ஓர் அமானிதம். எண்ணப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, எண்ணப்படாதவர்களுக்கும் அதில் உரிமை உண்டு.