சார்லஸ் ஈம்ஸ்: வடிவமைப்புக் கல்விக்கு வித்திட்டவர்

மேனிலைத் தேர்வு முடிந்ததும் மருத்துவமா, பொறியியலா என்னும் இரண்டு வினாக்களே நம் இல்லங்களில் எழுகின்றன. தொழில் வடிவமைப்பு என்றொரு பட்டப்படிப்பு உண்டென்பதைப் பெற்றோர் பலர் அறிந்திலர். நம் நாட்டில் அக்கல்விக்கு வித்திட்டோருள் ஒருவரான அமெரிக்கர் சார்லஸ் ஈம்ஸின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

1907 ஜூன் 17-இல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்து, பள்ளிப் பருவத்திலேயே எஃகு ஆலையில் வேலை பார்த்தார். அந்நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயிலச் சேர்ந்தவர், பட்டம் பெறாமலே வெளியேறினார். எனினும் 1938-இல் மிச்சிகனிலுள்ள கிரான்புரூக் கலைக்கழகத்திற்கு உதவித்தொகை பெற்றுச் சென்று, சில ஆண்டுகளுக்குள் அங்கேயே தொழில் வடிவமைப்புத் துறைக்குத் தலைமை ஏற்றார்.

1941-இல் ஓவியர் ரே கைசரை மணந்து லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறினார். வாடகை வீட்டிலேயே மெல்லிய மரத்தகடுகளைப் பசையிட்டு அடுக்கி, மிதிவண்டிப் பம்பினால் காற்றடைத்த ரப்பர்ப் பையைக் கொண்டு அழுத்தி, பிளைவுட்டை வளைக்கக் கணவனும் மனைவியும் முயன்றனர். போர்க்காலம் அது. காலொடிந்த வீரர்க்குக் கட்டிய உலோகச் சிம்புகள் தூக்கிச் செல்லும்போது அதிர்ந்து வேதனையை மிகுத்தன. ஈம்ஸ் தம் காலையே அச்சாகக் கொண்டு 1942-இல் பிளைவுட் சிம்பு செய்தார். வளைவில் மரம் பிளவாதிருக்க விட்ட துளைகளே கட்டுத்துணி நுழைக்கவும் பயன்பட்டன! கடற்படைக்கென ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவை உருவாயின. அந்த அனுபவமே பின்னர் அவருடைய புகழ்பெற்ற நாற்காலிகளாக மலர்ந்தது. நாற்காலிகளை யாவரும் போற்றுவர். நாமோ சிம்பையே உயர்வாகக் கருதுகிறோம்.

இந்திய அரசின் அழைப்பின்பேரில் தம்பதியர் இங்கு வந்து, ஏறத்தாழ மூன்று திங்கள் சுற்றிப் பார்த்து, 1958-இல் அறிக்கை அளித்தனர். அவர்கள் மிகவும் வியந்த பொருள் யாது? வடநாட்டார் லோட்டா என வழங்கும் செம்புதான். எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பிலும் தலையிலும் எவ்வாறு அமரும், நிறைந்தபோதும் வெறுமையிலும் சாயாது நிற்குமா, கழுவ எளிதா, விலை என்ன என்று அவ்வறிக்கை வினாக்களை அடுக்குகிறது. தனியொருவர் வரைந்ததன்று அவ்வடிவம். தலைமுறைகள் பல திருத்தித் திருத்திக் கண்டது. அத்தகைய ஆராய்ச்சியை மாணவர்க்குப் பயிற்றும் நிறுவனம் வேண்டும் என்பதே அறிக்கையின் சாரம்.

அதன் பயனாக 1961-இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அதனை வளர்த்த கௌதம் சாராபாயும் தங்கை கீராவும் அந்நகரின் சமணக் குடும்பத்தினர் என்பது நமக்கு மகிழ்வளிக்கும் செய்தி. 1969-இல் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் தொழில் வடிவமைப்பு மையம் தொடங்கிற்று. நம் வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவம் அம்மையத்தில் உருவானதே.

பன்னிரண்டாம் வகுப்பில் எப்பிரிவு பயின்றவரும் அகமதாபாத் நிறுவனத்தின் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் மதிப்பெண் மட்டும் போதாது. வரைதலிலும், கையால் மாதிரி செய்வதிலும் தேர்வுண்டு. பயின்றோர் வாகனம், மருத்துவக் கருவி, அறைகலன், விளையாட்டுப் பொருள் ஆகியவற்றின் ஆலைகளில் பணிபுரிகின்றனர்; சிலர் தாமே ஆலோசனை நிலையம் நடத்துகின்றனர்; கைவினைஞரோடு ஊரகங்களில் உழைப்போரும் உளர்.

ஈம்ஸ் 1978 ஆகஸ்டு 21-இல் பிறந்த ஊரிலேயே காலமானார். பத்தாண்டுகள் கழித்து, 1988-இல் அதே நாளில் ரேயும் மறைந்தார்.