கோகலே கேட்ட பள்ளிக்கூடம்

தேர்தல் வருகிறதென்றால் நமது ஊர்களில் சுவருக்கும் ஓய்வில்லை, தொண்டைக்கும் ஓய்வில்லை. பாலம் வரும், சாலை வரும், ஆலை வரும் என்று அபேட்சகர்கள் வாக்குறுதிகளை அள்ளி வீசுகிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேசாமலில்லை. கூட்டம் முடியும் தறுவாயில், கல்வியை வளர்ப்போம் என்று ஒரு வாக்கியம் சொல்லி, மாலையைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை ஆசிரியர், எவ்வளவு பணம், அது எங்கிருந்து வரும் என்று அவர்கள் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இந்த நிலையில், சட்டசபையில் கல்விக்காகப் போராடுவதென்றால் எப்படிப் போராட வேண்டும் என்பதைத் தம் வாழ்க்கையாலேயே காட்டிச் சென்ற ஒரு பெரியாரின் சரித்திரத்தை நினைவுகூர்வது பயனுடையதாகும். அவர்தாம் கோபாலகிருஷ்ண கோகலே.

கோகலே 1866-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி, ரத்னகிரி ஜில்லாவில் கோட்லுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பம் ஏழைக் குடும்பம். அவருக்குப் பதின்மூன்று வயது நிரம்புகின்ற காலத்தில் தகப்பனார் காலமானார். தமையனார் கோவிந்தர் தமது படிப்பை நிறுத்திவிட்டு, மாதம் பதினைந்து ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் உத்தியோகத்தில் அமர்ந்தார். அந்தப் பதினைந்தில் எட்டு ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பிவிட்டு, மீதி ஏழில் குடும்பத்தை நடத்தினார். ஒரு பிள்ளை படிப்பதற்காக மற்றொரு பிள்ளை படிப்பை விட வேண்டியிருந்தது. ஏழை வீட்டில் கல்வி என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதை கோகலே புத்தகத்தில் படித்து அறிந்தவரல்லர். உண்ணும் சோற்றில் அறிந்தவர்.

1884-ல், பதினெட்டாம் வயதில், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டம் படித்து வக்கீலாகியிருந்தால் செல்வம் சேர்ந்திருக்கும். கடன்பட்டிருந்த குடும்பத்தாரும் அதையே எதிர்பார்த்திருப்பர். ஆனால் அவர் பூனாவில் ஆசிரியத் தொழிலை ஏற்றார். டெக்கான் கல்விச் சங்கத்தின் ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்து, மாதம் எழுபத்தைந்து ரூபாயில் இருபது ஆண்டு உழைப்பதாக வாக்குக் கொடுத்தார். பெர்கூஸன் கல்லூரியில் ஆங்கிலம், கணிதம், சரித்திரம், பொருளாதாரம் ஆகியவற்றைப் போதித்தார். அவர் எழுதிய கணக்குப் புத்தகம் பள்ளிகளில் பரவலாக வழங்கியது. விடுமுறை வந்தால் மற்றவர்கள் ஊருக்குச் செல்வார்கள். கோகலேயோ கல்லூரிக் கட்டடத்துக்கு நிதி திரட்ட வீடு வீடாக ஏறி இறங்குவார். பொதுப் பணத்தை ஒரு ரூபாய், இரண்டு ரூபாயாகச் சேர்த்த கை அது. பின்னாளில் சர்க்கார் கணக்கை அவர் அணா பைசா பிசகாமல் ஆராய்ந்ததில் வியப்பொன்றுமில்லை.

மகாதேவ கோவிந்த ரானடே அவருக்கு அரசியல் குருவாக வாய்த்தார். எந்தப் பொருளைப் பற்றிப் பேசுவதானாலும் அதற்குரிய சர்க்கார் அறிக்கைகளையும் புள்ளி விவரங்களையும் முற்றும் கற்ற பின்னரே வாய் திறக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அவரிடமிருந்து கோகலே கற்றார். 1897-ல் இந்தியச் செலவினங்களை விசாரித்த வெல்பி கமிஷன் முன்பு லண்டனில் சாட்சியம் அளித்தார். 1899-ல் பம்பாய்ச் சட்டசபை உறுப்பினரானார். 1902-ல் கல்லூரியிலிருந்து விடைபெற்று, வைஸ்ராயின் சட்டசபையில் அமர்ந்தார். அவ்வாண்டு மார்ச்சு 26-ந் தேதி அவர் நிகழ்த்திய முதல் வரவு செலவுப் பிரசங்கம் தேசத்தையே திரும்பிப் பார்க்கச் செய்தது. ஆண்டுதோறும் மிச்சப் பணம் காட்டும் சர்க்கார், அந்த மிச்சத்தை ஏழையின் உப்பிலிருந்து எடுக்கிறது என்பதை எண்களாலேயே நிரூபித்தார். உப்புவரி 1903-ல் குறைக்கப்பட்டது; 1905-லும் 1907-லும் மேலும் குறைந்தது. அவர் ஒருவரால் மட்டுமே அது நேர்ந்ததென்று கூறோம். ஆனால் அவர் குரல் அதில் கலந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

1905-ல் காசிக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் 12-ந் தேதி இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பள்ளியின் தலைமை ஆசிரியராயிருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1907-ல் அப்பதவியைத் துறந்து அச்சங்கத்தில் சேர்ந்தார். ஆசிரியர் நிறுவிய சங்கத்தை மற்றோர் ஆசிரியரே பின்னாளில் தலைமை ஏற்று நடத்தினார்.

இனி, கோகலே தமது வாழ்வின் உச்சியில் தொடுத்த போருக்கு வருவோம். 1911-ம் ஆண்டு ஜனக் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஆறு பேர். இங்கிலாந்து 1870-லிருந்தும், ஜப்பான் 1872-லிருந்தும் தங்கள் குழந்தைகள் அனைவரையும் பள்ளிக்கு அனுப்ப முனைந்துவிட்டன. நமது நாட்டிலேயே பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வார் 1893-ல் அம்ரேலி வட்டாரத்தில் கட்டாயக் கல்வியைத் தொடங்கி, 1906-ல் தம் ராஜ்யம் முழுவதற்கும் விரித்திருந்தார். ஒரு சுதேச மன்னரால் முடிந்தது பிரிட்டிஷ் சர்க்காரால் ஏன் முடியாது என்பதே கோகலே எழுப்பிய கேள்வி.

1910-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் ஆரம்பக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கத் தொடங்க வேண்டுமென்று சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். விஷயத்தைக் கவனிப்பதாகச் சர்க்கார் உறுதி கூறவே அதைத் திரும்பப் பெற்றார். அவ்வாண்டிலேயே இந்திய சர்க்காரில் கல்விக்கெனத் தனி இலாகா ஏற்பட்டது. ஆனால் இலாகா வந்ததேயன்றிப் பள்ளிக்கூடம் வரவில்லை. வாக்குறுதியைக் கேட்டு வாளாவிருக்கும் இயல்பு கோகலேக்கு இல்லை. 1911 மார்ச்சு 16-ந் தேதி ஆரம்பக் கல்வி மசோதாவைத் தாமே கொண்டுவந்தார்.

அந்த மசோதாவை இன்று படிப்பவர்களுக்கு அதன் அடக்கம் வியப்பைத் தரும். இங்கிலாந்தின் 1870, 1876-ம் ஆண்டுச் சட்டங்களையும், அயர்லாந்தின் 1892-ம் ஆண்டுச் சட்டத்தையும் அவர் முன்மாதிரியாகக் கொண்டார். தேசம் முழுவதும் ஒரே நாளில் கட்டாயம் வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. ஓரிடத்தில் ஏற்கனவே குறித்த அளவுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்களானால், மூன்றில் ஒரு பங்கு என்பது அவர் கருதிய அளவு, அவ்விடத்து முனிசிபாலிடியோ ஜில்லா போர்டோ சர்க்காரின் அனுமதி பெற்று, ஆறு முதல் பத்து வயதுவரையுள்ள ஆண் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வியை ஏற்படுத்தலாம். மாதம் பத்து ரூபாய்க்கு மேற்படாத வருமானமுள்ள பெற்றோர் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. செலவில் மூன்றில் இரண்டு பங்கைச் சர்க்காரும், ஒரு பங்கை ஸ்தல ஸ்தாபனமும் ஏற்க வேண்டும். ஸ்தல ஸ்தாபனம் அதற்கெனக் கல்வி வரி விதிக்கலாம். பணம் எங்கே என்று கேட்டவர்களுக்கு, இறக்குமதிச் சுங்கத்தைச் சற்று உயர்த்தினால் கிடைக்கும் என்று கணக்குக் காட்டினார். பெண் குழந்தைகளைப் பின்னர் சேர்க்கலாம் என்று விட்டது மசோதாவின் பெருங் குறை. பரோடாவில் பெண்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். எதிர்ப்பைக் குறைக்கக் கருதி அவர் அவ்வாறு செய்தார். அந்தச் சமாதானத்தாலும் எதிர்ப்புக் குறையவில்லை என்பதைச் சரித்திரம் காட்டுகிறது.

மசோதா மாகாண சர்க்கார்களுக்கும், ஸ்தல ஸ்தாபனங்களுக்கும், சர்வகலாசாலைகளுக்கும் அபிப்பிராயத்துக்காக அனுப்பப்பட்டது. காங்கிரஸும் முஸ்லிம் லீக்கும் அதை ஆதரித்தன. சட்டசபையில் முகம்மதலி ஜின்னா ஆதரித்துப் பேசினார். 1911 டிசம்பரில் டில்லி தர்பாரின்போது கல்விக்கென ஐம்பது லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஆயினும் மாகாண சர்க்கார்கள் மசோதாவுக்கு உடன்படவில்லை. ஜனங்கள் இன்னும் பக்குவமடையவில்லை, பணமில்லை, கட்டாயம் என்றால் கீழ்த்தர உத்தியோகஸ்தர்கள் ஏழைகளை வாட்டுவார்கள் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. நிலச்சுவான்தார்களில் பலர், உழவன் மகன் எழுத்துப் படித்தால் வயலில் இறங்குவானா என்று அஞ்சினார்கள். உண்மைக் காரணம் இந்தக் கடைசி அச்சமே என்று நாம் கருதுகிறோம். மற்றவை அதற்குப் போர்த்திய போர்வை.

1912 மார்ச்சு 18, 19 தேதிகளில் விவாதம் நடந்தது. கல்வி இலாகாவின் பொறுப்பிலிருந்த ஸர் ஹார்கோர்ட் பட்லர் எதிர்த்தார். பொறுக்குக் கமிட்டிக்கு அனுப்புவதற்குக்கூடச் சபை இசையவில்லை. ஆதரவு 13, எதிர்ப்பு 38. எதிர்த்தவர்களில் இந்தியரும் இருந்தனர் என்பதை மறைப்பதில் பயனில்லை. தோல்வி நிச்சயம் என்று கோகலே முன்பே அறிந்திருந்தார். அறிந்தும் வாக்கெடுப்பு வரை சென்றார். ஏனெனில் ஏழையின் கல்விக்கு யார் நண்பர், யார் அல்லர் என்பது பெயரோடு பதிவாக வேண்டும் என்பது அந்த வாக்கெடுப்பால் நிறைவேறியது. தம் தலைமுறைக்கு வெற்றி கிட்டாவிடினும், அடுத்த தலைமுறை நிற்பதற்குத் தம் தோல்வி படியாகும் என்ற உறுதி அவரை விட்டு அகலவில்லை. நீரிழிவு நோயாலும் ஓயாத உழைப்பாலும் நலிந்து, 1915 பிப்ரவரி 19-ந் தேதி பூனாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

படி வீண்போகவில்லை. 1918-ல் விட்டல்பாய் படேலின் முயற்சியால் பம்பாய் மாகாணத்தில் முனிசிபாலிடிகள் கட்டாயக் கல்வியை ஏற்படுத்தச் சட்டம் வந்தது. 1920-ல் சென்னை மாகாண ஆரம்பக் கல்விச் சட்டம் நிறைவேறியது. 1950-ல் அமலான அரசியல் சட்டம், பத்து ஆண்டுகளுக்குள் பதினான்கு வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயல வேண்டுமென்று விதித்தது. பத்து ஆண்டு 1960-ல் முடிந்தது, விதி முடிந்தபாடில்லை. 2002-ல் அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. 2009-ல் அதற்குரிய சட்டம் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. கோகலேயின் மசோதா தோற்கடிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் தொண்ணூற்றெட்டு ஆண்டுகள்! இடையில் பள்ளி வாசலை மிதியாமலே வளர்ந்து மடிந்த தலைமுறைகளுக்கு யார் பதில் சொல்வது?

சட்டம் வந்துவிட்டது, இனி என்ன குறை என்று அபேட்சகர்கள் கேட்கக்கூடும். சட்டப் புத்தகத்தில் உரிமை இருப்பது வேறு. நான்கு வகுப்பை ஒரே ஆசிரியர் நடத்தும் கிராமப் பள்ளியில் ஒரு சிறுமிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருவது வேறு. பிள்ளை பள்ளியில் இருக்கிறாள் என்பதனாலேயே அவள் கற்கிறாள் என்று ஆகிவிடாது. கோகலே கேட்டது பெயர்ப்பதிவேட்டை அல்ல, பள்ளிக்கூடத்தை.

ஆகவே, தேச ஊழியத்தில் ஈடுபட்ட அன்பர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. உங்கள் ஊருக்கு வோட்டுக் கேட்டு வரும் அபேட்சகர் எக்கட்சியினராயினும், அவரை நிறுத்தி நான்கு கேள்விகள் கேளுங்கள். இத்தொகுதியில் பள்ளிகள் எத்தனை, அவற்றில் காலியாயுள்ள ஆசிரியர் இடங்கள் எத்தனை என்பதை அறிவீர்களா? அவற்றை நிரப்ப எந்தத் தேதியைக் குறிப்பீர்கள்? அதற்குரிய பணத்தை எந்த இனத்திலிருந்து எடுப்பீர்கள்? உங்கள் கட்சி அதற்கு மாறாக நின்றால் சபையில் எந்தப் பக்கம் கை தூக்குவீர்கள்? எழுபத்தைந்து ரூபாய்ச் சம்பளக்கார உபாத்தியாயர் ஒருவர், அந்நிய ஆட்சியில், தோல்வி உறுதி என்று தெரிந்தும் இந்தக் கேள்விகள் அனைத்துக்கும் விடை எழுதிக்கொண்டுதான் சபைக்குச் சென்றார். நமது ஆட்சியில், நமது வோட்டால் செல்லுகிறவர்கள் வெறுங்கையோடு செல்லலாகாது. விடை இல்லாதவர்களுக்கு வோட்டும் இல்லை என்று ஜனங்கள் ஒருமுறை காட்டிவிட்டால், அடுத்த தேர்தலில் பள்ளிக்கூடம் பிரசங்கத்தின் கடைசி வாக்கியமாக இராது, முதல் வாக்கியமாகிவிடும்.