கேளாத செவியும் கேட்ட நெஞ்சமும்
ஜூலியற் கோர்டன் லோ அம்மையாரின் வாழ்வு

பெண் சாரணியம் என்றதும் எமது நினைவுக்கு முதலில் வருவோர் பேடன் பவல் பிரபுவும் அவரது துணைவியார் ஒலேவ் சீமாட்டியுமே. ஆண்டுதோறும் பெப்ரவரி 22ஆம் திகதி நாம் கொண்டாடிய சிந்தனை தினம், அவ்விருவரும் பிறந்த நாள் என்பதும் எமக்கு நன்கு தெரியும். ஆனால் அந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்ற தீர்மானம் எங்கே பிறந்தது என்பதைப் பலர் அறியார். 1926ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு பாசறையில் பல நாட்டுச் சாரணியத் தலைவியர் கூடினர். சிந்தனை தினம் அங்கேதான் பிறந்தது. அந்த மாநாடு தமது நாட்டில் நடந்தே ஆகவேண்டும் என்று முன்னின்று உழைத்தவர் 65 வயதான ஒரு பெண்மணி. அவருக்குக் காது கேளாது. உடலில் புற்றுநோய் பரவியிருந்தது. மாநாடு முடிந்து எட்டு மாதங்களில் அவர் மறைந்தார். ஐக்கிய அமெரிக்காவில் பெண் சாரணியத்தைத் தோற்றுவித்த ஜூலியற் கோர்டன் லோ அம்மையாரே அவர்.

ஜூலியற் 1860ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் இரண்டாமவர். வீட்டில் அவரை டெய்சி என்று செல்லமாக அழைத்தனர். தந்தையார் பருத்தி வணிகர். அந்தக் குடும்பத்தின் செல்வம் அடிமைகளின் உழைப்பில் தழைத்த செல்வம். ஜூலியற்றுக்கு ஒரு வயது நிறைவதற்குள் உள்நாட்டுப் போர் மூண்டது. தந்தையார் தெற்கின் படையில் சேர்ந்து போரிட்டார். தாயார் வடக்கே சிக்காகோ நகரைச் சேர்ந்தவர். அவருடைய சகோதரர்கள் வடக்கின் படையில் இருந்தனர். 1864 டிசெம்பரில் ஜெனரல் ஷேர்மனின் படை சவானாவைக் கைப்பற்றியபோது, தாயாரின் குடும்பத்தை முன்பே அறிந்திருந்த அந்தத் தளபதி அவர்களுடைய வீட்டுக்கே வந்து சென்றார். எதிரி என்று ஊர் வெறுத்த மனிதர் தம் வீட்டு விருந்தினராக அமர்ந்திருந்ததை அந்த நான்கு வயதுக் குழந்தை கண்டது. இரு தரப்பிலும் உறவினரைக் கொண்ட வீடு அது. போர்க்காலத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்த எமது தலைமுறைக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சேவை செய்யும் ஆர்வம் அவருக்குச் சிறு வயதிலேயே இருந்தது. அதற்கேற்ற கைத்திறன் அப்போது இருக்கவில்லை. உறவுப் பெண்களையும் தோழியரையும் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். உதவும் கரங்கள் என்று அதற்குப் பெயர். இத்தாலியிலிருந்து வந்து வறுமையில் வாடிய ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்கு உடைகள் தைத்துக் கொடுப்பது அவர்களின் பணி. கொடுத்த உடைகள் அணிந்த கையோடு தையல் விட்டுப்போயின. வீட்டுப் பையன்கள் அந்தச் சங்கத்துக்கு உதவாக் கரங்கள் என்று பெயர் மாற்றிக் கேலி செய்தார்கள். நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்ற உண்மையைப் பிற்காலத்தில் தமது இயக்கத்தின் அடித்தளமாக அவர் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவரது செவிப்புலன் போன கதை வைத்தியத் தொழிலில் இருக்கும் எமக்கு இன்றும் வேதனை தருவது. 1885இல் காதில் நோய் கண்டபோது, வெள்ளி நைத்திரேற்று இட்டுச் செய்யும் ஒரு சிகிச்சையைக் கேள்விப்பட்டு, அதையே செய்யுமாறு வைத்தியரை வற்புறுத்தினார். அந்தக் காதின் கேட்கும் திறன் பெரிதும் குன்றியது. அடுத்த ஆண்டு டிசெம்பர் 21ஆம் திகதி, பெற்றோரின் மணநாளிலேயே அவருக்கும் திருமணம் நடந்தது. மணமகன் வில்லியம் மக்கே லோ. எமது திருமணங்களில் அறுகரிசி இட்டு வாழ்த்துவது போல, அங்கும் மணமக்கள் மீது அரிசி தூவி வழியனுப்புவது வழக்கம். அப்படித் தூவிய அரிசிமணி ஒன்று அவரது நல்ல காதுக்குள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க முயன்றபோது செவிப்பறை துளைபட்டு, கிருமித் தொற்றும் ஏற்பட்டது. அந்தக் காதும் போயிற்று. இன்றாயின் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் நுணுக்குக்காட்டியின் துணையோடு சில நிமிடங்களில் அந்த மணியை எடுத்துவிடுவார். தானியம் ஈரத்தில் ஊதும் என்பதால் நீர் பாய்ச்சக் கூடாது என்பதையும், ஊசி முனையால் தோண்டக் கூடாது என்பதையும் தாய்மாருக்கு நாம் இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வாழ்த்தோடு வந்த அரிசி செவியைக் கொண்டுபோனது போல, அந்தத் திருமணமும் மகிழ்ச்சியைத் தரவில்லை. கணவருடன் இங்கிலாந்துக்குச் சென்று பெரிய மாளிகையில் வாழ்ந்தார். பிள்ளைகள் இல்லை. கணவர் நாளடைவில் விலகிப்போனார். தனிமையைப் போக்க ஓவியம் வரைந்தார், சிற்பம் செய்தார், கொல்லர் தொழிலைப் பழகி வீட்டுக்கு இரும்புக் கதவுகள்கூடச் செய்தார். 1898இல் ஸ்பானிய அமெரிக்கப் போரின்போது தாயாருடன் புளோரிடாவுக்குச் சென்று, நோயுற்ற போர்வீரர்களைப் பராமரிக்கும் மருத்துவமனை ஒன்றை அமைக்க உதவினார். 1901இல் கணவரும் அவரும் பிரிந்தனர். விவாகரத்து முடியுமுன் 1905இல் கணவர் காலமானார். சொத்தின் பெரும்பகுதியை வேறொரு பெண்ணுக்கு எழுதிவைத்திருந்தார். 44 வயதில், கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, செவிப்புலனும் இல்லை. உரிமைக்காகப் போராடி ஒரு பங்கைப் பெற்றாலும், இனி என்ன செய்வது என்ற கேள்விக்குப் பணம் விடையாகவில்லை.

விடை 1911இல் கிடைத்தது. அந்த ஆண்டு இங்கிலாந்தில் பேடன் பவலைச் சந்தித்தார். அவருடைய சகோதரி அக்னஸ் அம்மையார் அப்போது பெண் சாரணியத்தை நடத்திவந்தார். ஜூலியற் தாமதிக்கவில்லை. அதே ஆண்டில் ஸ்கொட்லாந்தின் கிளென் லையன் பள்ளத்தாக்கில் ஏழைச் சிறுமியர் ஏழு பேரைச் சேர்த்து ஒரு குழுவைத் தொடங்கினார். அவர்களில் ஒருத்தி பல மைல் தூரம் நடந்தே வந்துபோனாள். முதலுதவியும் முடிச்சுகளும் மட்டும் அவர்களுக்குப் போதாது என்பதை ஜூலியற் கண்டுகொண்டார். வருமானமில்லாத அந்தப் பெண்கள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் நிலையில் இருந்தார்கள். ஆகவே கோழி வளர்க்கவும் கம்பளி நூல் நூற்கவும் பழக்கி, அவற்றை விற்கவும் வழிசெய்தார். எதிரே இருப்பவருக்கு என்ன தேவை என்று பார்த்து அதைச் செய்வதே சேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

1912இல் சவானாவுக்குத் திரும்பியதும், ஒரு பெண்கள் பாடசாலையை நடத்திவந்த உறவினரை உடனே தொலைபேசியில் அழைத்துத் தம் எண்ணத்தைச் சொன்னார். மார்ச் 12ஆம் திகதி 18 சிறுமியர் இரண்டு அணிகளாகச் சேர்க்கப்பட்டனர். முதலில் பதிவானது அவரது தம்பியின் மகளின் பெயர். வீட்டின் பின்புறத்துக் குதிரைவண்டிக் கொட்டகையே அவர்களின் கூடுமிடமாயிற்று. அவர்கள் நடைப்பயணம் சென்றார்கள், பாசறை அமைத்தார்கள், விண்மீன்களை இனங்கண்டார்கள், கூடைப்பந்து விளையாடினார்கள். பெண்பிள்ளைகள் தொளதொளத்த காற்சட்டை அணிந்து ஓடியாடுவதைத் தெருவிலே போவோர் பார்க்கக் கூடாது என்பதற்காக மைதானத்தைச் சுற்றிப் படங்குத் துணியால் திரை கட்டினார்கள். ஊரின் பேச்சுக்கும் இடம் கொடுக்காமல், பிள்ளைகளின் விளையாட்டையும் நிறுத்தாமல் நடந்துகொண்ட அந்தச் சாதுரியம் எமது பழைய ஆசிரியைகளை நினைவூட்டுகிறது.

சாரணியத்தின் உயிர்நாடி அணி முறை. ஆறு அல்லது எட்டுப் பேர் ஓர் அணி, அவர்களுள் ஒருத்தி தலைவி. விறகு பொறுக்குவதும் சோறு சமைப்பதும் மழைக்குக் கூடாரத்தை இழுத்துக் கட்டுவதும் எல்லோருக்கும் பொதுவான வேலை. பிறரிடம் சகிப்புத்தன்மை வேண்டும் என்று பத்து நிமிடம் பிரசங்கம் செய்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். வேறு மதத்தவளோடும் வேறு மொழி பேசுபவளோடும் ஒரே பானையில் சமைத்து, அடிப்பிடித்த சோற்றைச் சேர்ந்து தின்றவள் அதை மறக்கமாட்டாள். சவானாவின் தொடக்ககாலக் குழுக்களில் கிறிஸ்தவப் பிள்ளைகளோடு யூதப் பிள்ளைகளும் இருந்தார்கள். உடற்குறை உள்ள பிள்ளைகளுக்கும் இயக்கத்தில் இடம் இருந்தது; 1917 அளவில் நியூயோர்க்கில் அவர்களுக்கென ஒரு குழுவும் அமைந்தது. அதே 1917ஆம் ஆண்டில்தான் எமது நாட்டில், கண்டியில், பெண் சாரணியம் கால்பதித்தது.

இயக்கத்தை வளர்க்கப் பணம் வேண்டியிருந்தது. முதற் சில ஆண்டுகள் செலவின் பெரும்பகுதியை ஜூலியற் தாமே ஏற்றார். தமது முத்துமாலையையும் விற்றார். செல்வந்தப் பெண்கள் கூடும் விருந்துகளுக்குப் பழைய தொப்பியில் காய்கறிகளைச் செருகிக்கொண்டு போவார். புதிய அலங்காரப் பூ வாங்கப் பணமில்லை என்று அவர்கள் உணர்ந்து நன்கொடை தரவேண்டும் என்பது அவரது தந்திரம். தலைவி பதவி ஏற்க முடியாது என்று யாராவது மறுத்தால் காதில் விழாதது போல நன்றி கூறி, அடுத்த கூட்டம் எந்த நாளில் என்பதையும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். செவிப்புலன் குறைந்தவர்கள் மெல்ல மெல்லச் சபைகளைத் தவிர்ப்பதையும், வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிப்போவதையும் நாம் நாளாந்தம் காண்கிறோம். இவரோ தமது குறையையும் பணிக்கு ஒரு கருவியாக்கிக்கொண்டார்.

அவரது வாழ்வை எழுதும்போது சொல்லாமல் விடக்கூடாத ஒன்றும் உண்டு. அவர் பிறந்த தென்மாநிலங்களில் கறுப்பினச் சிறுமியர் இந்த இயக்கத்தில் நெடுங்காலம் வெள்ளைச் சிறுமியரோடு சேர்க்கப்படவில்லை. 1917 முதல் சில இடங்களில் அவர்களுக்குத் தனிக் குழுக்கள் தோன்றின. குழுக்களை ஒன்றாக்கும் முயற்சி வேகம் பெற்றது 1950களில்தான். எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் உரியது என்று தொடங்கிய பணிக்கும் ஊரின் வழமை ஒரு வேலி போட்டது. அவர் அந்த வேலியைத் தாண்டவில்லை. பின்வந்தவர்கள் அவர் வகுத்த வாக்குறுதியைக் கொண்டே அந்த வேலியைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். பெரியோரை நினைவுகூரும்போது அவர்கள் செய்து முடித்ததையும் எமக்கு விட்டுச்சென்ற மீதியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1923இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தது. மிக நெருங்கிய சிலரைத் தவிர வேறெவருக்கும் அதைச் சொல்லவில்லை. நோயை மறைத்த அந்தச் செயலை நாம் புகழப்போவதில்லை. நாற்பதைக் கடந்த எமது தோழியர் எவரும் இதில் அவரைப் பின்பற்ற வேண்டாம். மார்பகப் பரிசோதனையைப் பின்போட வேண்டாம் என்றே வேண்டிக்கொள்கிறோம். ஆனால் எஞ்சிய நாட்களை அவர் எதற்குச் செலவிட்டார் என்பதைப் பாருங்கள். முதலாம் உலகப் போர் முடிந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒன்றையொன்று கொன்றழித்த நாடுகளின் பெண்பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்ற ஆசையே 1926ஆம் ஆண்டு மாநாட்டுக்காக அவரை ஓடச்செய்தது. ஆண்டில் ஒரு நாளாவது, கண்ணால் காணாத நாட்டிலுள்ள சகோதரியரை எண்ணிப்பார்க்க வேண்டும் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது.

1927 ஜனவரி 17ஆம் திகதி சவானாவில் அவர் காலமானார். சாரணியச் சீருடையிலேயே அடக்கம் செய்தார்கள். தலைமையகம் அனுப்பிய பாராட்டுத் தந்தி அந்தச் சீருடையின் சட்டைப்பையில் இருந்தது. 18 பேருடன் தொடங்கிய இயக்கத்தில் அப்போது ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவரது நினைவாகத் தோழியர் ஏற்படுத்திய உலக நட்புறவு நிதியம் இன்றும் பெண்பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பி ஒருவரோடொருவர் பழகவைக்கிறது.

அமெரிக்காவில் குடியேறிய எமது பழைய மாணவியர் சிலரின் புதல்வியர் இன்று அந்த இயக்கத்தின் பச்சைச் சீருடை அணிந்து, அயலவர் வீடுகளுக்குப் போய் பிஸ்கட் பெட்டிகள் விற்கிறார்கள். கனடாவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வேறு நிறச் சீருடைகளில் அதே வாக்குறுதியைச் சொல்கிறார்கள். அந்தக் குழுக்களுக்கெல்லாம் தலைவியர் பற்றாக்குறை இருக்கிறது. தாயகத்திலும் அதே நிலைதான். வாரத்தில் இரண்டு மணி நேரம் தரக்கூடிய, முதலுதவி தெரிந்த, கயிற்றில் ஒரு முடிச்சுப் போடத் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த 18 சிறுமியரைத் தமது கொட்டகையில் கூட்டியபோது ஜூலியற் லோ அம்மையாருக்கு வயது 51. எம்மில் பலர் அந்த வயதை இன்னும் எட்டவில்லை. எட்டியவர்களுக்கும் நேரம் போய்விடவில்லை.