விபுலாநந்த அடிகளாரும் சொற்றேடலும்

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றிக் கேள்வியுறாத தமிழர் சிலரே. அவ்வின்னொலியைச் செவியால் நுகர்ந்ததோடு அமையாது, செய்யுளிலும் பாடிவைத்தவர் விபுலாநந்த அடிகளார். அன்னாரின் இசையாராய்ச்சியைப் பலரும் போற்றியுள்ளனர். ஆங்கில அறிவியற் சொற்களுக்குத் தமிழ் எழுத்திலே இடந்தேடிய அவரது பிறிதொரு பணியை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

அடிகளார் 1892ஆம் ஆண்டு காரைதீவிலே சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு மகனாகத் தோன்றினார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனம். கல்முனையிலும் பின்னர் மட்டுநகர் அர்ச். மைக்கேல் கல்லூரியிலும் பயின்று, பதினாறாம் வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். 1916ஆம் ஆண்டு அவர் வாழ்விலே குறிக்கத்தக்கது. விஞ்ஞானத்திலே டிப்புளோமாப் பட்டமும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் அவ்வொரே ஆண்டில் அவரை வந்தடைந்தன. ஒரு கையில் இரசாயனமும் மறுகையில் தொல்காப்பியமும் ஏந்தியவர் அக்காலத்தில் மிக அரியர்.

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராகவும், 1920 முதல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகவும் விளங்கிய அவர், 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்து, 1924இல் துறவு பூண்டார். ஈழம் மீண்டு, மிஷன் பாடசாலைகளைப் பேணி வளர்த்தார். 1929இல் கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயம் எழுந்தது அவர் முயற்சியாலேயாம். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார்.

விஞ்ஞானத்தைத் தாய்மொழியிலே கற்பித்தல் இயலுமோ என்னும் ஐயம் அந்நாளிற் கற்றோரிடையே வலுத்திருந்தது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் இதற்கு விடைகாண முற்பட்டு, 1936இலே பச்சையப்பன் கல்லூரியிற் கலைச்சொல் மாநாடு கூட்டியபோது, தலைமை தாங்க அடிகளாரையே நாடினர். பல துறை அறிஞரும் கூடி உழைத்ததன் பயனாக, ஏறக்குறைய 10,000 சொற்களைக் கொண்ட கலைச்சொல் அகராதி 1938இல் வெளிவந்தது.

இப்பணியின் அருமையை இன்றைய மாணவர் உணர்தல் வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் வழக்கிலோ நூலிலோ இருப்பின் இடர் இல்லை. இல்லாதவிடத்து, ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் அமைத்தல் வேண்டும். இடர்ப்பாடு ஆண்டே தொடங்குகின்றது. ஆங்கிலத்தில் எழுத்துக்கள் 26. தமிழிலோ உயிர் 12, மெய் 18. ஆங்கிலத்தின் எஃப், எச், ஜே, இசட் என்பன குறிக்கும் ஒலிகளுக்குத் தமிழிலே தனியெழுத்தில்லை. எக்ஸ் என்னும் ஓரெழுத்து ஈரொலி தருவது. பீ, எச் என்னும் ஈரெழுத்துக் கூடி ஓரொலி தருவன. ஆகவே எழுத்துக்கு எழுத்து வைத்து மாற்றுதல் இயலாது. ஒலியை நோக்கியே மாற்றுதல் வேண்டும். அன்றியும், ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டும் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகா. வல்லின மெய் ஆறும் ஈறாகா. இவ்வரம்புகளுக்குள் நின்றே அயற்சொல்லை வரவேற்றல் வேண்டும்.

வடமொழிச் சொல்லைத் தமிழெழுத்தால் எழுதிக்கொள்ளுமாறு தொல்காப்பியர் வகுத்த நெறி இதற்கு வழிகாட்டியது. ஈழத்துப் பாடநூல்கள் அந்நெறியைப் பெரிதும் கைக்கொண்டன. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டபோது அது மேலும் உறுதி பெற்றது. நம் மாணவர் பயிலும் ஐதரசன் என்னும் சொல்லைக் காண்க. முதலெழுத்தாகிய எச் நீங்கிற்று, ஜகரம் சகரமாயிற்று, மெய்ம்மயக்கத்திடையே அகரம் புகுந்தது. பக்ஷி பட்சியானவாறே, எக்ஸ் என்னும் எழுத்தின் ஒலி ஒட்சிசனில் ட்ச ஆயிற்று. ரகர முதற்சொல் இகரம் பெற்று இறப்பர் ஆயிற்று. இசட்டில் தொடங்கும் உலோகத்துக்கோ எழுத்துத் தேடவே வேண்டாதிருந்தது. நாகம் என்னும் பழஞ்சொல் முன்னமே காத்திருந்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. தமிழகத்து மாணவன் ஹைட்ரஜன், ஆக்சிஜன் எனக் கிரந்த எழுத்தும் கலந்து எழுதுகின்றான். ஈழத்து மாணவன் ஆங்கில மொழிமூல உயர்கல்விக்குச் செல்லுங்கால், தான் கற்ற சொல்லின் ஒலி வேறாயிருத்தல் கண்டு மயங்குகின்றான். ஒரே மொழியினர் இரு கரைகளில் இருவேறு சொல் வழங்குதல் நன்றன்று என்பாரும் உளர். இவ்வுரை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் மொழியின் எழுத்தமைதியைக் காத்தலும், கற்போனின் வசதியைக் காத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் அறிந்தோர் கூடியிருந்து தேர்தலே முறை. கடல்கடந்து சென்று தலைமை தாங்கிய அடிகளாரின் வாழ்வு நமக்குக் காட்டுவதும் அதுவே.

எழுத்தைப் பின்பற்றிப் பொருளைக் காணும் அதே நோக்கு அவரது யாழ்நூலிலும் விளங்குகின்றது. ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் நெடில் ஏழும் குரல் முதலிய இசை ஏழனுக்கும் எழுத்தாக நின்ற பழமரபை ஆராய்ந்து, மறைந்த யாழின் இலக்கணத்தைக் கணித வன்மையால் மீட்டுத் தந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த அவர், 1947 சூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரிலே அந்நூலை அரங்கேற்றி, அடுத்த திங்கள் 19ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் திருமேனி தாம் வளர்த்த சிவாநந்த வித்தியாலய வளவிலேயே துயில்கின்றது.

பழைய மாணவரே, இன்றைய மாணவரே! ஆய்வுகூடத்திலே ஒரு தமிழ்ச்சொல்லை நீவிர் எளிதாக எழுதும்போது, அதன் ஒவ்வோர் எழுத்துக்கும் இடந்தேடி உழைத்தோர் இருந்தனர் என்பதை மறவாதீர். புதிய கலைகள் நாள்தோறும் பெருகுகின்றன. அவற்றுக்குரிய சொற்கள் இன்னும் தேடப்படாமலே கிடக்கின்றன. விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றோர் நம் கல்லூரியிலிருந்து எழுந்து, அத்தேடலைத் தொடர்தலே அடிகளாருக்கு நாம் செலுத்தும் கடனாகும்.