பத்திரிகை விற்ற பையன் செய்த பலமான எஞ்சின்

லண்டன் நகரம். பத்து வயதுப் பையன் ஒருவன் பத்திரிகை விற்கிறான். விற்றால்தான் சாப்பாடு. விற்காவிட்டால் பட்டினி.

அவன் பெயர் ஹென்றி ராய்ஸ்.

பிற்காலத்தில் நம் நாட்டு மகாராஜாக்கள் ஆசை ஆசையாக வாங்கினார்களே, ரோல்ஸ் ராய்ஸ் கார், அந்தக் காரைச் செய்தவர் இந்தப் பையன்தான். ஆனால் கார் மட்டும் அல்ல. உலகத்திலேயே வேகமான ஆகாய விமானத்துக்கும் அவரே எஞ்சின் கொடுத்தார்.

ஏழைக் குடும்பம்

ராய்ஸ் பிறந்தது 1863-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி. ஊர், இங்கிலாந்தில் ஆல்வால்டன் என்ற சிறு கிராமம். தகப்பனார் அங்கே மாவு ஆலை நடத்தினார். ஐந்து குழந்தைகளில் ஹென்றி கடைக்குட்டி.

ஆலை நொடித்துப் போயிற்று. குடும்பம் பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்தது. 1872-ல் தகப்பனார் இறந்தார். அவர் உயிர் பிரிந்த இடம் ஏழைகளுக்கான தரும விடுதி. அப்போது ஹென்றிக்கு வயது ஒன்பது.

பையன் பத்திரிகை விற்றான். தந்தி கொண்டுபோய்க் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் அவன் படித்தது ஏறக்குறைய ஒரு வருடம்தான்.

15 வயதில் ஓர் அத்தை உதவி செய்தாள். அவள் பணம் கட்ட, ரெயில்வே தொழிற்சாலையில் வேலை பழகச் சேர்ந்தான். மூன்று ஆண்டு போனதும் அத்தையிடமும் பணம் தீர்ந்தது. தொழில் பாதியில் நின்றது. ஆனால் அதற்குள் கை தேர்ந்துவிட்டது. இரும்பைத் தொட்டால் அதன் குணம் சொல்லும் கை.

1884-ல் கையில் இருந்த 20 பவுண்டு சேமிப்போடு மான்செஸ்டரில் சிறு பட்டறை வைத்தார். கூட்டாளி ஒருவர் 50 பவுண்டு போட்டார். மின்சார மணி செய்தார்கள். பிறகு டைனமோ, பாரம் தூக்கும் கிரேன். தொழில் வளர்ந்தது.

பழைய கார் வாங்கினார்

1903-ல் ராய்ஸ் ஒரு பழைய பிரெஞ்சுக் கார் வாங்கினார். ஒரே சத்தம், நடுக்கம். மற்றவர்களாக இருந்தால் திட்டிவிட்டு விற்றிருப்பார்கள். அவர் அதைப் பிரித்துப் போட்டார். எந்த உறுப்பு ஏன் கெடுகிறது என்று பார்த்தார். தாமே ஒரு கார் செய்தார். 1904 ஏப்ரல் 1-ந் தேதி அது வீதியில் ஓடியது.

சார்லஸ் ரோல்ஸ் என்பவர் பெரிய பணக்காரர் வீட்டுப் பிள்ளை. கார் வியாபாரி. அவர் ராய்சின் காரைப் பார்த்து மயங்கிப் போனார். ஏழையும் பணக்காரரும் கூட்டுச் சேர்ந்தார்கள். ரோல்ஸ் ராய்ஸ் பிறந்தது. 1907-ல் அவர்களுடைய "சில்வர் கோஸ்ட்" கார், கோளாறு என்று நிற்காமல் 14,371 மைல் ஓடிக் காட்டியது.

1910-ல் ரோல்ஸ் விமான விபத்தில் மாண்டார். அடுத்த ஆண்டு ராய்சும் கடும் நோயில் விழுந்தார். வேளாவேளைக்குச் சாப்பிடாமல் உழைத்ததன் பலன்! பிழைக்க மாட்டார் என்றே டாக்டர்கள் நினைத்தார்கள். எப்படியோ பிழைத்தார். ஆனால் டெர்பி நகரில் இருந்த சொந்தத் தொழிற்சாலைக்குப் போகக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள்.

அவர் கடலோரத்தில் வீடு எடுத்தார். படங்கள் அங்கே வரையப்பட்டு டெர்பிக்குப் போயின. உடைந்த உறுப்புகள் டெர்பியில் இருந்து அவரிடம் வந்தன. இப்படியே இருபது ஆண்டுக்கு மேல் நடந்தது.

மணலில் போட்ட படம்

அந்தக் காலத்தில் "ஷ்னைடர் கோப்பை" என்று ஒரு பந்தயம். தண்ணீரில் இருந்து கிளம்பும் விமானங்களுக்கு உரியது. இங்கிலாந்தும் இத்தாலியும் முட்டி மோதின.

1928-ம் ஆண்டின் கடைசி. நோயாளி ராய்ஸ் கைத்தடி ஊன்றிக் கடற்கரையில் நடந்தார். உடன் அவருடைய எஞ்சினீயர்கள். அவர் தடியால் மணலில் கோடு கிழித்துப் புதிய எஞ்சின் எப்படி இருக்க வேண்டும் என்று விளக்கினாராம்.

முற்றிலும் புதிய எஞ்சின் செய்ய நேரம் இல்லை. கைவசம் "பஸ்ஸார்டு" என்ற எஞ்சின் இருந்தது. 12 சிலிண்டர். கொள்ளளவு 36.7 லிட்டர். அதாவது ஒரு சிலிண்டரே மூன்று லிட்டர்! அதன் சக்தி 825 குதிரைச் சக்தி. அதை இரண்டு மடங்குக்கு மேல் கூட்ட வேண்டும். சிலிண்டரின் அளவு மாறக் கூடாது.

சக்தியைக் கூட்டுவது ஒரு வகையில் சுலபம். காற்றையும் பெட்ரோலையும் அமுக்கி அதிகமாக உள்ளே தள்ள வேண்டும். அதற்கு "சூப்பர்சார்ஜர்" உண்டு. எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழலவிட வேண்டும். அவ்வளவுதான். கஷ்டம் எங்கே என்றால், அந்தச் சக்தியை எஞ்சினின் உடம்பு தாங்க வேண்டுமே!

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் கூடுதலாக வரலாம். அச்சு பலம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தேர் நகராது. அச்சுதான் முறியும்.

எஞ்சினும் அப்படித்தான். சிலிண்டருக்குள் பெட்ரோல் வெடிக்கிறது. அந்த வெடி மேலே உள்ள மூடியை மேலே தள்ளுகிறது. பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் கிராங்கை அமுக்குகிறது. இரண்டு பக்கமும் பிய்த்துக்கொண்டு போகாமல் இழுத்துப் பிடிப்பது நடுவில் உள்ள பிளாக்கும், கிராங்கைத் தாங்கும் கூடும்தான். ராய்சின் எஞ்சினில் இந்த வெடி ஒரு விநாடிக்கு 300 முறை நடந்தது. பிளாக் மயிரிழை நெளிந்தாலும் போதும். சிலிண்டரின் வட்டம் கோணும். பிஸ்டன் உரசும், இறுகும்.

இராஜபாளையம் பட்டறைகளில் லாரி எஞ்சினுக்கு லைனர் இறக்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும்.

உடையும் வரை ஓட்டு!

எல்லாவற்றையும் கனமாக வார்த்துவிட்டால் என்ன? கூடாது. கனமான எஞ்சினைத் தூக்கிக்கொண்டு விமானம் எப்படிப் பறக்கும்?

ராய்சின் ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டுவது. ஏதாவது ஒன்று உடையும். உடைந்ததை எடுத்துப் பார்ப்பது. அந்த இடத்தை மட்டும் பலப்படுத்துவது. மறுபடியும் ஓட்டுவது. அடுத்தது உடையும். அதையும் பலப்படுத்துவது. முரட்டு வழிதான். செலவும் அதிகம். ஆனால் பலவீனம் எங்கே இருக்கிறது என்பதை உடைந்த இரும்பு பொய் சொல்லாமல் காட்டிவிடும்.

டெர்பி மக்கள் பாடு திண்டாட்டம். எஞ்சின் போட்ட சத்தம் பல மைல் கேட்டது. சோதனை செய்த தொழிலாளிகள் பாடு அதைவிட மோசம். எஞ்சினுக்கு ஊற்றியது விளக்கெண்ணெய். அது புகையாகக் கிளம்பி மூக்கிலும் வாயிலும் போயிற்று. வயிற்றைக் கலக்கியது! அதற்கு மாற்றாகப் பால் குடித்தார்களாம்.

"ஆர்" என்று பெயர் பெற்ற புது எஞ்சின் 1,900 குதிரைச் சக்தி கொடுத்தது. எடையோ, பஸ்ஸார்டைவிடச் சுமார் 45 கிலோ மட்டுமே கூடுதல்.

நள்ளிரவில் ஆபத்து

1929 செப்டம்பர் 6. மறுநாள் பந்தயம்.

இரவில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். ஒரு பிளக்கின் நுனியில் கடுகளவு உலோகத் துளி! பார்த்தவர்களுக்கு நெஞ்சு பதறியது. உள்ளே பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

எஞ்சினை மாற்றப் பந்தய விதி இடம் தரவில்லை. உறுப்பை மாற்றலாம். ஆனால் பிளாக்கைக் கழற்றி மாட்டுவது கைதேர்ந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. அவர்கள் டெர்பியில் அல்லவா இருப்பார்கள்?

இல்லை! அவர்களில் பலர் பந்தயம் பார்க்கச் சொந்தச் செலவில் வந்து பக்கத்து நகரில் ஓட்டல்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். போலீசார் துணையோடு ஓட்டல் ஓட்டலாகத் தேடினார்கள். தூக்கக் கலக்கத்தோடு வந்தார்கள். ஒரு பக்கத்து சிலிண்டர் பிளாக்கையே கழற்றினார்கள். கெட்ட பிஸ்டனை எடுத்தார்கள். புது பிளாக்கை மாட்டினார்கள். பொழுது விடிவதற்குள் வேலை முடிந்தது.

அந்த விமானத்தை வாக்ஹார்ன் என்பவர் ஓட்டினார். வேகம் மணிக்கு 328 மைல். முதல் பரிசு அவருக்கே!

அரசாங்கம் கைவிட்டது

அடுத்த பந்தயம் 1931-ல். அப்போது கடும் பணமுடை. அரசாங்கம் பணம் தர மறுத்தது. ஹூஸ்டன் சீமாட்டி என்ற பணக்காரப் பெண்மணி ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தார். பந்தயத்துக்கு ஆறு, ஏழு மாதமே இருந்தது.

மறுபடியும் உடைக்கும் வேலை ஆரம்பம். இலக்கு, முழு வேகத்தில் ஒரு மணி நேரம். எஞ்சின் அதற்கு முன்பே நின்றது. கிராங்கு முறிந்தது. கனெக்டிங் ராடின் அமைப்பையே மாற்றினார்கள். கிராங்குக் கூட்டைப் பலப்படுத்தினார்கள். வால்வு சூட்டில் கருகாமல் இருக்க அதைக் குடைந்து உள்ளே சோடியம் வைத்தார்கள். ஆகஸ்டு மாதத்தில் ஒரு மணி நேரம் முழுதாக ஓடியது. சக்தி 2,350!

செப்டம்பர் 13-ந் தேதி கோப்பை இங்கிலாந்துக்கே சொந்தமாயிற்று. அதே மாதம் 29-ந் தேதி, ஒரு மனிதன் முதல் தடவையாக மணிக்கு 400 மைலைத் தாண்டிப் பறந்தான். வேகம் 407 மைல்.

ராய்சுக்கு 1930-ல் "சர்" பட்டம் கிடைத்திருந்தது. அவரோ தம்மை ஒரு மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டார்.

1933 ஏப்ரல் 22-ந் தேதி அவர் காலமானார். வயது 70. கடைசி நாட்களில் புதிய எஞ்சின் ஒன்றுக்கான வேலையில் இருந்தார். அது முதன்முதலாக ஓடியது அதே ஆண்டு அக்டோபரில்தான். அவர் பார்க்கவில்லை. அதுதான் "மெர்லின்". இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்பயர், ஹரிக்கேன் விமானங்கள் அதைக் கொண்டு பறந்தன. பர்மா போர்முனையில் இந்திய விமானிகளும் அந்த விமானங்களை ஓட்டினார்கள். தொடக்கத்தில் மெர்லினின் சக்தி சுமார் 1,000. உடைந்ததைப் பலப்படுத்தும் அதே வழியில், போர் முடிவதற்குள் அது 2,000-ஐத் தொட்டது.

ராய்சின் அஸ்தி முதலில் டெர்பி தொழிற்சாலையில் வைக்கப்பட்டிருந்தது. பிறகு அதை ஆல்வால்டன் கிராமத்து மாதா கோவிலுக்குக் கொண்டுபோனார்கள்.